பிஸ்டன் வீட்டுக் கார்பரேட்டர்

அந்தப் பெட்டி வந்த மத்தியானம் நான் ஒரு டாக்ஸியின் பின்சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன். எதிர்ப் பட்டறையில், தெருவே பிஸ்டன் என்று கூப்பிடுகிற மெக்கானிக் பெட்டியைப் பிரிக்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான். பிறந்த பிள்ளையை நர்ஸ் முதன்முதலாகக் கையில் கொடுக்கும்போது தகப்பன்மார் நிற்பார்களே, அந்த நிற்பு.

"சீட்டு அண்ணே! வந்திருச்சு, வாங்க!"

கார் சீட்டு தைக்கிறவன் என்பதால் எனக்கு அந்தப் பெயர். தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைச் சீட்டாட்டக்காரன் என்று நினைத்துச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து போனேன்.

"பிரிக்கலையா?"

"அவ வரட்டும்ணே. அவ இல்லாம பிரிச்சா நல்லா இருக்காது."

அவள் என்றால் அவன் மனைவி. காலையும் மாலையும் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வேனில் போகிற பிள்ளைகள் வேன் மிஸ் என்று கூப்பிடப் போய், தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. வருஷம் பூரா பிள்ளைகளை அலுங்காமல் குலுங்காமல் கொண்டுபோய் இறக்குகிறவள், காற்றுக்காலம் முடிகிற சமயத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வேறு ஆளாகிவிடுவாள். அன்றைக்கு மலைப் பந்தயம். ஊருக்குப் பின்னால் இருக்கிற மலையில், அடிவாரப் பாலத்திலிருந்து உச்சியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஒவ்வொரு காராகத் தனியாக ஏற வேண்டும். யார் சீக்கிரம் ஏறுகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. பாதை முழுக்க வளைவுக்கு மேல் வளைவு. நடுவில் மட்டும் நீளமாக ஒரு நேர் ரோடு.

கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து எஞ்சின் செய்வது பிஸ்டன், ஓட்டுவது அவள். போன வருஷம் அவளுக்கு இரண்டாம் இடம். முதலிடம் அவளுடைய சொந்தத் தம்பிக்கு. அவன் மெயின் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறான், அதனால் டயர். அந்தத் தோல்விக்கு அப்புறம் மழை மாதம் பூரா புருஷனும் பெண்டாட்டியும் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சிலிண்டர்களைக் கடைந்து அகலப்படுத்தியாயிற்று. பிஸ்டன்களை மாற்றியாயிற்று. வால்வுகள் அதிக நேரம் திறந்து நிற்கிற மாதிரி கேம் ஷாஃப்ட் மாற்றியாயிற்று. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற பழைய கார்பரேட்டர் மட்டும் பாக்கி. புது எஞ்சின் இழுக்கிற காற்றுக்கு அது போதாது என்று ஒரு புதுசுக்குச் சொல்லி வைத்திருந்தான். அதுதான் வந்திருக்கிறது.

வேன் மிஸ் வந்தாள். கை கழுவினாள். அவன் பெட்டியைப் பிரித்தான். வெள்ளிபோல மின்னுகிற உடம்பு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாய். ஒவ்வொன்றிலும் ஒரு எலுமிச்சம்பழம் தாராளமாக உருண்டு போகும்.

அவள் குனிந்து பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு. ஆனா ரொம்பப் பெருசா இல்ல?"

"பெருசுதான் வேணும். எஞ்சினைப் பெருசு பண்ணியிருக்கோம், மூச்சைப் பெருசு பண்ண வேணாமா?"

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "எஞ்சினைக் கொஞ்சமாப் பெருசு பண்ணியிருக்கோம். நீ வாயை ரெண்டு மடங்கு ஆக்கியிருக்கியேடா."

அது பிஸ்டனின் அக்கா. லேத் அக்கா. அந்த வீட்டில் முன்னால் பட்டறை, அதற்குப் பின்னால் அக்கா இரும்பு கடைகிற லேத் நிற்கிற அறை, அதற்கும் பின்னால் அடுப்படியும் இரண்டு அறையும். சமையலறையிலிருந்து தெருவுக்கு வர வேண்டுமென்றால் லேத்தையும் எஞ்சினையும் தாண்டித்தான் வர வேண்டும். அந்த வீட்டுச் சோற்றில் மட்டும் எப்படி கிரீஸ் வாசம் ஏறாமல் இருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

"அக்கா, நீ உன் லேத்தைப் பாரு."

"லேத்தைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். காது சும்மாதானே இருக்கு."

மறுநாள் பூட்டி முடித்து எஞ்சினைக் கிளப்பினான். என் கடையில் அடுக்கி வைத்திருந்த ஸ்பாஞ்சுத் தூள் எல்லாம் எழும்பிப் பறந்தது. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவள் பக்கெட்டை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். டீக்கடைக்காரர் கிளாஸோடு ஓடி வந்தார். பிஸ்டன் ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்து இழுத்து விடுகிறான். எஞ்சின் அலறி அலறி அடங்குகிறது. அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதுவரை நான் பார்த்ததில்லை.

"எப்படிண்ணே?" என்று கத்தினான்.

"காது போச்சுடா!" என்று நானும் கத்தினேன்.

"நல்லாருக்குல்ல?"

வேன் மிஸ் காரை எடுத்துக்கொண்டு மலை ரோட்டுக்குப் போனாள். நாங்கள் பட்டறை வாசலில் டீயோடு காத்திருந்தோம். சத்தம் மலையில் எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது என்று காதாலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். நேர் ரோட்டில் அது பாடியது. வளைவுகளில் இருமியது. திரும்பி வந்து இறங்கினாள். முகம் சரியில்லை.

"என்ன?"

"மேல பறக்குது."

"பறக்கும்னு சொன்னேன்ல!"

"முழுசாக் கேளுங்க. மேல பறக்குது, கீழ படுத்துருது. வளைவுல வேகத்தைக் குறைச்சுத் திருப்பி, வெளிய வரும்போது காலை அமுக்குறேன். ஒண்ணும் இல்ல. 'ங்ங்ங'ன்னு ஒரு முழுங்கு முழுங்குது. செத்துப்போச்சோன்னு நினைக்கிறேன். அப்புறம் திடீர்னு பிய்ச்சுக்கிட்டுப் பாயுது. அதுக்குள்ள வண்டி ரோட்டு ஓரத்துக்குப் போயிருது."

"பெட்ரோல் பத்தலை. ஜெட்டை மாத்திடுறேன். சரியாயிரும்."

ஜெட் என்றால் பெட்ரோல் வருகிற சின்னத் துளை. மாற்றினான். அவள் போய் வந்தாள். அதே கதை. இன்னும் பெரிய துளை போட்டான். இப்போது முழுங்கிவிட்டுக் கரும்புகையும் விட்டது. திடீரென்று அமுக்கும்போது கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சிவிடுகிற பம்ப்பைத் திருகினான். முழுங்கல் சற்று குறைந்தது, போகவில்லை. இப்படியே ஒரு வாரம். அவள் வேனை விட்டுவிட்டு வருவாள், காரை எடுத்துப் போவாள், வந்து தலையை ஆட்டுவாள். பிஸ்டன் மறுபடி ஸ்க்ரூ டிரைவரை எடுப்பான். வெளியே காற்று வேறு, வாசலில் கிடக்கும் தகரத்தையெல்லாம் தடதடவென்று அடித்தது.

சனிக்கிழமை மத்தியானம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சோறு, பருப்பு, முட்டை. கூப்பிட்டது சாப்பாட்டுக்கு இல்லை, பஞ்சாயத்துக்கு என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

"அண்ணே, நீங்களே கேளுங்க," என்றான் பிஸ்டன். "அந்த எஞ்சினுக்கு வேகத்தைக் குறையவிடாம ஓட்டணும். வளைவுல கிளட்சைக் கொஞ்சம் அமுக்கி எஞ்சினை மேலேயே சுத்தவிட்டா முழுங்காது. அவ்வளவுதான் விஷயம். ஓட்டுற விதத்தை மாத்தினா போதும்."

வேன் மிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் ஓட்டுற விதத்துல இத்தனை வருஷம் குத்தமில்ல. இந்தப் பெட்டி வந்த பிறகு குத்தம் வந்திருச்சு."

"குத்தம்னு எங்க சொன்னேன்?"

"வேற எப்படிச் சொல்வாங்க? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அங்க நான் ஸ்டியரிங்கைப் பிடிப்பேனா, கிளட்சை மிதிச்சு உங்க எஞ்சினைத் தாலாட்டுவேனா? வளைவு எவ்வளவு வேகத்துல போகணும்னு ரோடு சொல்லுது. நான் சொல்லலை, நீங்களும் சொல்ல முடியாது."

"நேர் ரோட்டுல எவ்வளவு எடுக்குதுன்னு பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன். மலையில நேர் ரோடு ஒண்ணு, வளைவு எத்தனை?"

லேத் அக்கா யார் பக்கமும் பார்க்காமல் முட்டையை இரண்டாக வெட்டிப் பெரிய பாதியை எனக்கு வைத்தார். "சாப்பிடுங்க. இது முடியற பேச்சு இல்ல."

அந்த நேரம் பார்த்து வாசலில் டயரின் குரல் கேட்டது. "அக்கா!" என்று கூப்பிட்டுக்கொண்டே லேத்தையும் எஞ்சினையும் தாண்டி உள்ளே வந்தான். நல்ல பையன். சட்டை மடிப்பு கலையாமல் டயர் மாட்டுகிற ஒரே ஆள் அவன்தான். வந்தவன் தட்டை எடுத்துத் தானே சோறு போட்டுக்கொண்டான்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. மலையிலேருந்து சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். வண்டி வளைவுல சரியில்லைன்னு கடையில உட்கார்ந்திருக்கிற எனக்கே தெரியுது. அக்கா, நான் ரெண்டாவதா ஒரு வண்டி வாங்கியிருக்கேன்ல, அது சும்மாதான் நிக்குது. இந்தத் தடவை நீ அதுல வா."

பிஸ்டனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"உனக்கு என்னடா லாபம்?" என்றார் லேத் அக்கா.

"லாபம் ஒண்ணும் இல்ல அண்ணி. இவ ஓட்டாத பந்தயத்துல ஜெயிச்சு என்ன பண்ண? இவளை ஜெயிச்சாத்தான் எனக்கு ஜெயிச்ச மாதிரி இருக்கு."

வேன் மிஸ் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "புதன்கிழமைக்குள்ள சொல்றேன்."

முடியாது என்று அவள் உடனே சொல்லியிருந்தால் அது சண்டையாகவே முடிந்திருக்கும். 'சொல்றேன்' என்றதில் பிஸ்டன் ஆடிப்போனான். சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்து பட்டறைக்குப் போய்விட்டான். டயருக்கே முகம் வாடிவிட்டது. "நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்," என்று என்னிடம் முணுமுணுத்தான். ஆனாலும் சாப்பாட்டை மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த இரண்டு நாள் அந்த வீட்டில் ஸ்பேனர் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவள் அவனுக்கு டீ வைத்தாள், பேசவில்லை. அவன் குடித்தான், பேசவில்லை. என் கடைக்கு வந்து உட்காருவான். நான் தைப்பதையே பார்ப்பான். ஒரு தடவை மட்டும் கேட்டான்: "அவ போயிருவாளாண்ணே?"

"எங்க போறா? தம்பி வண்டியிலதானே ஏறப்போறா. ராத்திரி சோத்துக்கு இங்கதான் வருவா."

"அது வேறண்ணே. என் எஞ்சினை வேற ஆள் ஓட்டினா அது என் எஞ்சினே இல்ல."

செவ்வாய்க்கிழமை லேத் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. காலையில் பட்டறை நடுவில் வந்து நின்று, "ரெண்டு பேரும் வாங்க," என்றார். கையில் ஒரு வட்டமான மீட்டர், அதிலிருந்து ஒரு நீள ரப்பர் குழாய்.

"இது வேக்குவம் கேஜ். எஞ்சின் எவ்வளவு பலமா உறிஞ்சுதுன்னு காட்டும். கார்பரேட்டருக்குக் கீழ மாட்டிக் குழாயைக் காருக்குள்ள விடுறோம். முதல்ல பழைய கார்பரேட்டரைப் போட்டு ஓட்டு, அப்புறம் புதுசைப் போட்டு ஓட்டு. ஆக்சிலேட்டரை முழுசா அமுக்கும்போது முள் எங்க நிக்குதுன்னு பார்ப்போம். அப்புறம் நீங்க பேச வேணாம், முள்ளு பேசட்டும்."

"ஓட்டிக்கிட்டே நான் எப்படி முள்ளைப் பார்க்கிறது அண்ணி?" என்றாள் வேன் மிஸ்.

"ஓட்டத் தெரியாத ஒருத்தர் பக்கத்துல உட்காரட்டும். உங்கள்ல யாரு உட்கார்ந்தாலும் அவங்கவங்களுக்குப் பிடிச்சதைத்தான் படிப்பீங்க."

மூன்று பேரும் திரும்பி, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்கள்.

நான் தைத்த சீட்டுகளில் ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காரின் சீட்டும் நான் தைத்ததுதான். அதில் நான் ஏன் உட்கார்ந்தேன் என்று முதல் வளைவிலேயே வருத்தப்பட்டேன். வேன் மிஸ் வேனில் போகும்போது எவ்வளவு நிதானமோ அவ்வளவுக்கு இங்கே நேர்மாறு. மலை என் ஜன்னல் பக்கம் வந்தது, போனது, ஆகாயம் வந்தது, பள்ளம் வந்தது.

"அண்ணே, முள்ளு!"

"உசுரு போகுதும்மா!"

"உசுரை அப்புறம் பாருங்க, முள்ளைப் பாருங்க!"

பழைய கார்பரேட்டரில் வளைவுகளிலெல்லாம் கார் சொன்ன பேச்சைக் கேட்டது. அமுக்கினால் உடனே எடுத்தது. நேர் ரோடு வந்தது. அவள் காலை முழுசாக அமுக்கினாள். முதலில் ஏறியது, அப்புறம் மூக்கடைத்தவன் மூச்சு விடுகிற மாதிரி ஒரே இடத்தில் நின்று முனகியது. முள் நாலில் நின்றது. அப்படியே நின்றது.

இறங்கி வந்து, மாற்றி, புதுசைப் போட்டு மறுபடி ஏறினோம். வளைவில் அமுக்கினாள். 'ங்ங்ங'. என் வயிறு முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்தது. முள் சாய்ந்து பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. நேர் ரோட்டிலும் முழுக் காலில் அதே பூஜ்யம்தான்.

"நாலு. பூஜ்யம்," என்று பட்டறை வாசலில் இறங்கி, தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

லேத் அக்கா சாக்பீஸை எடுத்து லேத் மூடியில் எழுதினார். எஞ்சினின் கொள்ளளவு, அது சுற்றப்போகிற வேகம், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் உள்ளே இழுக்கும் என்பதால் அதில் பாதி. பெருக்கினால் ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று வரும்.

"வர்ற கணக்கு பழையதுக்கும் புதுசுக்கும் நடுவுல நிக்குது பாரு. முள்ளும் அதையேதான் சொல்லுது. பழையது நாலு காட்டுச்சுன்னா எஞ்சின் இழுக்குது, காத்துக்கு வழி இல்ல. புதுசு பூஜ்யம் காட்டுச்சுன்னா வழி தாராளமா இருக்கு, இழுவையே இல்ல. மெல்லிசுக் குழல்ல உறிஞ்சினா ஜூஸ் வாய்க்கு வரும். தண்ணிக் குழாயை ஜூஸ்ல விட்டு உறிஞ்சிப் பாரு, காத்துதான் வரும். காத்து வேகமா ஓடினாத்தான் பெட்ரோலைத் தூக்கும். முழுசா அமுக்கும்போது முள்ளு ஒண்ணுக்குக் கொஞ்சம் மேல நிக்கணும். அதுதான் இந்த எஞ்சினுக்கு அளவு."

வேன் மிஸ் பிஸ்டனைப் பார்த்தாள். அவன் சாக்பீஸ் எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆச்சரியமே இல்லாத முகம்.

"இது உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"ம்."

"எப்போலேருந்து?"

"வாங்குறதுக்கு முன்னாடியே. நானும் கணக்குப் போட்டேன்."

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். எனக்குப் பயமாகிவிட்டது. மெல்ல நழுவலாம் என்று ஒரு காலை எடுத்தேன். அக்கா கண்ணாலேயே நிறுத்தினார்.

"தெரிஞ்சுக்கிட்டே என்னைப் பள்ளத்துக்குப் பக்கத்துல ஒரு வாரம் ஓட்டவிட்டீங்களா?"

"சரி பண்ணிரலாம்னு நினைச்சேன். ஜெட்டு, பம்ப்பு எல்லாத்தையும் வச்சு எப்படியாவது..." நிறுத்தினான். கையில் இருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரைத் துடைத்தான். "போன வருஷம் தொட்டிகிட்ட வந்து இறங்கினியே, அப்ப என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்?"

"நேர் ரோட்டுல காலை முழுசா அமுக்கிட்டேன், அதுக்கு மேல அமுக்க ஒண்ணுமே இல்லன்னு சொன்ன. சொல்லிட்டு ஹெல்மெட்டைக் கழட்டாம ரொம்ப நேரம் நின்ன. உள்ள அழறேன்னு எனக்குத் தெரியும்."

"நான் ஒண்ணும் அழல. வேர்வை."

"சரி, வேர்வை. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. நீ கேட்டு என் எஞ்சின்ல இல்லாமப் போச்சேன்னு. இனிமே இவ எவ்வளவு அமுக்கினாலும் இன்னும் மிச்சம் இருக்கணும்னு நினைச்சேன். அதான் இருக்கிறதுலேயே பெருசா வாங்கிட்டேன். கணக்கு நடுவுலதான் வந்துச்சு. மனசு கேக்கல."

வேன் மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கால் வந்தது, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வாய்த் தண்ணி பத்தலைன்னு சொன்னா, அதுக்கு அண்டாவையா தூக்கிட்டு வருவாங்க?"

"ஏய், சிரிக்காத."

"சிரிக்காம? இதை அன்னைக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் ஒரு வாரமா உங்களைத் திட்டியிருக்க மாட்டேன்ல? மனசுக்குள்ள எத்தனை திட்டு திட்டியிருக்கேன் தெரியுமா?"

"நானும்தான்," என்றான் அவன். அவனும் சிரித்துவிட்டான்.

"சிரிச்சது போதும்," என்றார் லேத் அக்கா. "இப்ப என்ன பண்றது? நடு அளவு கார்பரேட்டருக்குச் சொன்னா பந்தயம் முடிஞ்சுதான் வரும்."

பிஸ்டன் புதுக் கார்பரேட்டரைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்து, வாயின் ஆழத்திலிருந்து ஒரு வளையத்தை உருவினான். அடுத்த வாயிலிருந்தும் உருவினான். இரண்டையும் அக்காவின் உள்ளங்கையில் வைத்தான்.

"காத்து போற தொண்டை இதுதான். உடம்பு அப்படியே இருக்கட்டும். இதே மாதிரி, உள்பக்கம் சின்னதா ரெண்டு கடைஞ்சு குடு."

"எவ்வளவு சின்னதா?"

"உன் கணக்குக்கு."

"என் கணக்கா, உன் கணக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான், போக்கா."

அன்றைக்கு மத்தியானம் அந்த லேத் அறையில் எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. அக்கா ஒரு அலுமினிய உருளையை மாட்டினார். உளி பட்ட இடத்தில் வெள்ளைச் சுருள் சுருளாக எழும்பி அவர் முழங்கையில் விழுந்தது. உள்பக்கம் நேர்க் குழாய் மாதிரி இருந்தால் ஆகாது; வாயில் அகன்று, இடுப்பில் ஒடுங்கி, மறுபடி மெல்ல அகல வேண்டும். அந்த வளைவை அவர் இரண்டு கைப்பிடியையும் ஒரே நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்தார். ஒரு கை வேகமாக, ஒரு கை மெதுவாக. வேன் மிஸ் கடைந்து வந்ததை வாங்கி, விரலில் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றி உள்ளே தேய்த்துத் தேய்த்து மினுக்கினாள். பிஸ்டன் அளந்தான். இரண்டும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மறுபடி அளந்தான்.

"இன்னும் கொஞ்சம் அகலமா எடுக்கலாம்க்கா."

"முதல்ல சின்னதாவே இருக்கட்டும். வெட்டலாம், வெட்டினதை ஒட்ட முடியாது."

"சரிதான், ஆனா..."

"பெருசு பெருசுன்னு ஆரம்பிச்சீங்க, உளி என் பக்கம் வரும்," என்றாள் வேன் மிஸ்.

நடுவில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வந்துவிட்டது. அவள் கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள். அன்றைக்கு வேனில் வந்த பிள்ளைகள் வீட்டில் போய், மிஸ் முடியில் வெள்ளி வெள்ளியாக மின்னியது என்று சொன்னார்களாம்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்ததும் காரைக் கிளப்பினோம். நான் கேட்கப்படாமலே போய் உட்கார்ந்துகொண்டேன். அதற்குக் காரணம் தைரியம் இல்லை. அந்த முள் எங்கே நிற்கும் என்று பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருந்தது.

முதல் வளைவு. அமுக்கினாள். கார் ஒரு சொல் பேசாமல் எடுத்தது. அடுத்த வளைவும் அப்படியே. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். நேர் ரோட்டில் முழுக்கால். முள் இரண்டில் நின்றது. வந்து சொன்னேன். அக்கா வளையங்களைத் திரும்ப லேத்தில் மாட்டி, ஒரே ஒரு சீவல் சீவினார். மறுபடி ஏறினோம். வெயில் மலைக்குப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தது. நேர் ரோடு வந்தது. அவள் கால் தரையோடு போனது. சத்தம் ஏறியது, இன்னும் ஏறியது, ரோட்டோரத்துப் புல்லெல்லாம் ஒரே கோடாகிவிட்டது. முள் ஒன்றைத் தாண்டி, கொஞ்சமே கொஞ்சம் தாண்டி, அங்கேயே நின்றது.

"அண்ணே, எவ்வளவு?"

விரலால் காட்டினேன்.

அவள் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு, "இதான்! இதான்! இதான்!" என்று கத்தினாள். நானும் சேர்ந்து கத்தினேன். எதற்குக் கத்தினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தொட்டிக்குப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு நகர்ந்து போயின.

கீழே வந்ததும் அவள் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். "டேய், உன் வண்டியை நீயே வச்சுக்கோ. எங்க வீட்டு வண்டி இருக்கு." பக்கத்தில் கை துடைத்துக்கொண்டு நின்ற பிஸ்டன், கேட்காத மாதிரி பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான். காது மட்டும் சிவந்திருந்தது.

பந்தயத்தன்று விடிய மழை தூறி ஓய்ந்து, ரோடு காய்ந்து, காற்று குளிர்ச்சியாக வந்தது. நான் நடுவளைவில் ஒரு பாறை மேல் இடம் பிடித்துக்கொண்டேன். டயர் முதலில் ஏறினான். நன்றாகத்தான் ஏறினான். பிறகு கீழேயிருந்து எங்கள் சத்தம் கேட்டது. எங்கள் என்றுதான் எனக்கு வருகிறது. வளைவுக்குள் கார் வந்தது, தாழ்ந்தது, திரும்பியது. அவள் காலை அமுக்கிய கணம் எனக்கே தெரிந்தது. முழுங்கல் இல்லை, இருமல் இல்லை; யாரோ பின்னாலிருந்து இரண்டு கையாலும் தள்ளிவிட்ட மாதிரி போயிற்று. பக்கத்தில் நின்றவர், "யாருங்க அது?" என்று கேட்டார். "பள்ளிக்கூட வேன் ஓட்டுறவங்க," என்றேன். அவர் என்னை நம்பவில்லை.

நான் மூச்சிரைக்க மேலே போய்ச் சேரும்போது தொட்டிக்கடியில் சின்னக் கூட்டம். நேரம் பார்க்கிறவர் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். வேன் மிஸ் முதல், டயர் இரண்டாவது. பெரிய வித்தியாசம் இல்லை, ஒரு தும்மல் நேரம்தான். லேத் அக்கா கூடையிலிருந்து அவித்த முட்டையும் பன்னும் எடுத்துக் கார் மேலேயே பரப்பினார். வேன் மிஸ் ஹெல்மெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு கையிலும் வாங்கித் தின்றாள். பிஸ்டன் எதையும் தொடவில்லை. கோப்பையைக்கூட அவ்வளவாகப் பார்க்கவில்லை. அவள் தின்பதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

வாய் நிறைய வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "கேட்டதெல்லாம் குடுத்துச்சு."

டயர் வந்தான். தன் அக்காவைக் கட்டிக்கொண்டான், மாமா கையைப் பிடித்துக் குலுக்கினான். திறந்திருந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். வெள்ளி உடம்பு, அகன்ற இரண்டு வாய், பெட்டியில் வந்தது வந்தபடியே.

"மாமா, ஒத்துக்கிறேன். பெருசு வேணாம்னு ஊரே சொல்லிச்சு, வளைவுல சரியில்லைன்னு நானும் சொன்னேன். நீங்கதான் சரி. இதே மாதிரி ஒண்ணுக்கு நானும் இன்னைக்கே சொல்லிடுறேன்."

பிஸ்டன் வாயைத் திறந்தான். வேன் மிஸ் கையிலிருந்த பன்னை அப்படியே அவன் வாயில் அடைத்தாள். "சாப்பிடுங்க. காலையிலேருந்து பட்டினி."

அவன் மென்றான். டயர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே மென்றான். வேன் மிஸ் அவனைக் கண்ணாலேயே அதட்டினாள். அவன் பாதியை விழுங்கினான், மீதி தொண்டையில் நின்றது போல, அதற்கு மேல் முடியவில்லை.

"மாப்ள! நில்லு!"

"ஐயோ, என்னங்க நீங்க!"

"பாவம்டி. பள்ளத்துக்குப் பக்கத்துல ஓட்டுறவன்." டயர் திரும்பி வந்ததும் பிஸ்டன் சொன்னான்: "வெளியதான் பெருசு. உள்ள விரலை விட்டுப் பாரு."

டயர் விரலை விட்டான். ஆழத்தில் வளையம் தட்டியது. ஒடுக்கத்தைத் தடவினான், மறுபக்கம் தடவினான். முகம் மெல்ல மெல்ல விரிந்தது. "அடப்பாவிங்களா!" என்று சொல்லி, காரில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

வேன் மிஸ் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "போச்சு! அடுத்த வருஷத்துக் கோப்பையைப் பொட்டலம் கட்டிக் கையில குடுத்துட்டாரு மனுஷன்!"

லேத் அக்கா அடுத்த முட்டையைக் கார் மேல் தட்டி, நிதானமாக ஓட்டை உரித்தார்.

"விடும்மா. வளையம் கடையணும்னா அவன் எங்க வருவான்? என்கிட்டத்தானே வந்தாகணும்."